நெருக்கடிக் காலத்தில் மனத்துணை தேடிக்கொள்வது எப்படி? முதன்முறை உதவி கேட்பவர்களுக்கான வழிகாட்டி

வேலை போய்விடுகிறது. வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறார். நெருங்கியவர் இறந்துவிடுகிறார். மணமுறிவு, வழக்கு, கடன், வெள்ளம், போர் என்று ஏதோ ஒன்று வந்து அன்றாட வாழ்வைப் புரட்டிப் போட்டுவிடுகிறது. இப்படிப்பட்ட காலத்தில் “மனம்விட்டுப் பேசு, பாரம் குறையும்” என்று சொல்லாதவர் இல்லை. யாரிடம் பேசுவது, எப்போது பேசுவது, என்ன கேட்பது, அது போதவில்லை என்றால் அடுத்து எங்கே போவது என்பதை மட்டும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. என் வீட்டில் நீண்ட நோய்க்காலம் ஒன்று வந்தபோது, நோயாளியைக் கவனித்துக்கொண்டே இந்த விவரங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திரட்ட வேண்டியிருந்தது. தூக்கமில்லாமல் மூளை மந்தமாகிக் கிடக்கும் நாள்களில்தான் இந்தத் தேடலும் தலையில் விழுகிறது என்பதே இதிலுள்ள பெரிய கொடுமை. அந்த அலைச்சல் உங்களுக்கு நேராமலிருக்க, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. ஆறுதல் தானாக வந்து சேரும் என்று காத்திருக்கக் கூடாது. மருந்து வாங்குவதையும் கட்டணம் கட்டுவதையும் போல அதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு, ஆள் பார்த்து, நாள் குறித்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

1. எதற்கும் முன், உயிருக்கு ஆபத்து உண்டா என்று பாருங்கள்

இறந்துவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தாலோ, அதற்கான வழியை மனம் தேடத் தொடங்கியிருந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, பிறரைத் தாக்கிவிடுவோமோ என்ற பயம் வந்தாலோ, கீழே உள்ள எதையும் வரிசைப்படி செய்துகொண்டிருக்க வேண்டாம். தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரை உடனே அழைத்து, அவருடன் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அழைக்க ஆள் இல்லையென்றால் உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள். அந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்துக் காலம் கடத்த வேண்டாம். முதல் உதவியைப் பணியிலிருக்கும் மருத்துவர் செய்வார், மற்ற ஏற்பாடுகள் பிறகு நடக்கும். அடையாள அட்டை கையில் இல்லை, பழைய சீட்டு கிடைக்கவில்லை என்பதற்காகவும் தாமதிக்கக் கூடாது.

ஆபத்தில் இருப்பவர் உங்கள் வீட்டவரோ நண்பரோ என்றால், “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகவே கேளுங்கள். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. கேட்டதும் பலர் பேசத் தொடங்குகிறார்கள். அவர் சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்துகள் உட்பட ஆபத்தான பொருள்கள் அனைத்தையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு அன்றே மாற்றுங்கள். மருத்துவ உதவி கிடைக்கும்வரை அவருடன் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

2. முதல் சில நாள்கள் உடம்பைப் பாருங்கள்

அதிர்ச்சி வந்தவுடன் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து உடம்பை எச்சரிக்கை நிலைக்குக் கொண்டுபோகின்றன. நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும், கழுத்தும் தோளும் இறுகும், தூக்கம் வராது. இதைப் பலவீனம் என்று எண்ணிக்கொண்டு அதன்மேல் வெட்கத்தையும் சுமக்க வேண்டாம். பெரும்பாலோருக்கு இந்த நிலை சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் தணிந்துவிடும். அதுவரை செய்யக்கூடியவை மிகச் சாதாரணமானவை. இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். பசிக்காவிட்டாலும் வேளைக்குச் சிறிதாவது உண்ணுங்கள். மதியத்துக்குப் பிறகு காஃபின் உள்ள பானங்களை விட்டுவிடுங்கள். குடித்த காஃபினில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மதுவால் தூக்கம் வருகிறது என்பது உண்மைதான், ஆனால் அது இரவின் பின்பாதித் தூக்கத்தைக் கலைத்துவிடும். படபடப்பு ஏறும்போது மூச்சை இயல்பாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுவதைச் சில நிமிடங்கள் செய்தால் இதயத் துடிப்பு இறங்குவதை நீங்களே உணரலாம். பேரிடர், போர் போன்ற பொது நெருக்கடி என்றால், செய்தி பார்ப்பதை நாளைக்கு இரண்டு குறிப்பிட்ட வேளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட மனஅழுத்தக் கையேடு ஒன்று படங்களுடன், எளிய நடையில், பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளுக்குச் சில நிமிடங்கள் செய்யும் பயிற்சிகளே அதில் உள்ளன. தனியாகத் தொடங்க நினைப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

இந்தக் கட்டத்தில் இரண்டு பொறிகள் உண்டு. வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வது முதலாவது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எழுதிக்கொடுக்கப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. பெரும் அதிர்ச்சிக்குப் பின் முதல் ஒரு மாதத்தில் தோன்றும் அறிகுறிகளுக்கு அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013-ஆம் ஆண்டு பரிந்துரைகள் கூறுகின்றன. இரண்டாவது, நடந்ததை ஒன்றுவிடாமல் இப்போதே சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்று வற்புறுத்தும் கூட்டங்கள். பேரிடரிலிருந்து மீண்டவர்களை உட்காரவைத்து ஒரே அமர்வில் அனைத்தையும் நினைவுகூரச் செய்யும் முறை பின்னாளைய மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெரியவந்துவிட்டது. பேச விருப்பமில்லாத நாளில் பேசாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

3. உங்கள் நிலையை எண்ணில் குறித்துக்கொள்ளுங்கள்

“எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டால் “ஏதோ இருக்கிறேன்” என்றுதான் வாய் சொல்லும். அந்தப் பதிலை வைத்து உங்களாலும் முடிவெடுக்க முடியாது, மருத்துவராலும் முடியாது. மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டு எளிய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிஎச்க்யூ-9 என்பது மனச்சோர்வைப் பற்றிய ஒன்பது கேள்விகளைக் கொண்டது. கடந்த இரண்டு வாரங்களை நினைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 27. ஜிஏடி-7 பதற்றத்தைப் பற்றியது. ஏழு கேள்விகள், மொத்தம் 21. இரண்டில் எதிலாவது 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்க்யூ-9-இன் கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணத்தைப் பற்றியது. மற்ற எட்டுக்கும் என்ன மதிப்பெண் வந்திருந்தாலும், அந்த ஒன்றுக்குப் பூஜ்யத்துக்கு மேல் வந்தால் யாரிடமாவது அன்றே சொல்ல வேண்டும்.

தாளில் தேதியையும் மதிப்பெண்ணையும் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போட்டுப் பாருங்கள். இவை நோயை உறுதிப்படுத்தும் சோதனைகள் அல்ல, அந்த முடிவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நிலைமை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நினைவை நம்பாமல் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

4. யாரிடம் எதைக் கேட்பது என்று எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நெருக்கடியில் இருப்பவருக்குத் தேவைப்படும் துணை ஒரே வகையானதன்று. சொல்வதைக் கேட்டுக்கொண்டு உடன் இருக்கும் துணை ஒன்று. மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது, வரிசையில் நிற்பது போன்ற கைத்துணை இன்னொன்று. எந்த அலுவலகம், எந்தப் படிவம், எந்த வழக்கறிஞர் என்று விவரம் சொல்பவரின் துணை வேறொன்று. நெருக்கடியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் நம்மோடு நடந்துவருவதும், விளையாட்டைப் பற்றிப் பேசிச் சிரிக்கவைப்பதும் ஒரு துணைதான். பலர் இந்தக் கடைசி வகையைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

ஒரு தாளை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பெயராவது எழுதுங்கள். எழுதும்போதே ஒன்று புரிந்துவிடும். வண்டி எடுத்துக்கொண்டு நள்ளிரவில் ஓடிவரும் அண்ணன், ஐந்து நிமிடம் நம் அழுகையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பொறுமையாகக் கேட்கும் தோழிக்குப் படிவங்களைப் பற்றி எதுவும் தெரியாது. அண்ணனிடம் ஆறுதலையும் தோழியிடம் படிவத்தையும் கேட்டுவிட்டு, “யாரும் எனக்கு உதவவில்லை” என்று மனம் புண்படுவது மிகப் பரவலாக நடக்கிறது. ஆளை மாற்ற வேண்டியதில்லை, அவரிடம் கேட்பதை மாற்றினால் போதும்.

கேட்கும் துணைக்கான கட்டத்தில் யாரை எழுதுவது என்பதில் மட்டும் மிகவும் கறாராக இருங்கள். இதற்கு முன் நீங்கள் ஒன்று சொன்னபோது அவர் அதை வெளியே சொல்லாமல் இருந்தாரா? நீங்கள் பேசத் தொடங்கியதும் தன் கதைக்கு மாறிவிடாமல் இருந்தாரா? அவரிடம் பேசிவிட்டு வந்தபின் உடம்பு சற்றுத் தளர்ந்ததா, இல்லை இன்னும் இறுகியதா? இந்த மூன்றுக்கும் நல்ல விடை தருபவர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பழைய சக ஊழியராக இருக்கலாம், எதிர் வீட்டுப் பெரியவராக இருக்கலாம். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் மனநிலையை எழுத வேண்டாம். அங்கே வருவது இருபது அறிவுரைகளும், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதும் கட்டாயமும்தான். நோயாளியின் நிலைபோல எல்லோருக்கும் தெரியவேண்டிய செய்தியைக் குழுவுக்கு எழுதும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், பெருஞ்சுமை ஒன்று இறங்கிவிடும்.

கட்டம் காலியாக இருந்தால் கலங்க வேண்டாம். ஏழாம் படி அதற்காகவே இருக்கிறது.

5. நேரமும் அளவும் சொல்லிக் கேளுங்கள்

“எப்போதாவது பேசலாமா?” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் “கண்டிப்பாக” என்பார், அதோடு அது முடிந்துபோகும். எவ்வளவு நேரம், எந்த நாள், எதற்காக என்பதைச் சொல்லிக் கேட்டால் அவருக்கும் சம்மதிப்பது எளிது. நான் பயன்படுத்திய சொற்கள் ஏறத்தாழ இவை. மாற்றிக்கொள்ளுங்கள்.

“அக்கா, ஞாயிறு மாலை அரை மணி நேரம் உங்களிடம் பேச வேண்டும். எனக்கு யோசனை எதுவும் வேண்டாம், நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.”

“வரும் நான்கு செவ்வாய்க்கிழமைகளும் மருத்துவமனையில் என்னோடு இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா? முடியாது என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.”

கடைசி வாக்கியம் முக்கியமானது. மறுக்க வழி விட்டுக் கேட்டால், சம்மதிப்பவர் மனதாரச் சம்மதிப்பார், மறுப்பவரோடும் உறவு கெடாது. பணம் கேட்பதையும் ஆறுதல் கேட்பதையும் ஒரே பேச்சில் கலக்காதீர்கள். கலந்தால், அடுத்த முறை நீங்கள் அழைக்கும்போது அவர் எடுக்கத் தயங்குவார். நள்ளிரவில் மனம் பொங்கும்போது நீண்ட செய்தி எழுதி அனுப்பவும் வேண்டாம். எழுதுங்கள், ஆனால் காலையில் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஆறுதல் சொல்வதாக நினைத்துக் காயப்படுத்துபவர்களும் வருவார்கள். “இதைவிடப் பெரிய கஷ்டத்தை நான் பார்த்திருக்கிறேன்”, “மனதைத் திடப்படுத்திக்கொள்”, “எல்லாம் நன்மைக்கே” என்பார்கள். அவர்களோடு வாதிடும் வலு உங்களிடம் அப்போது இருக்காது. “நீங்கள் வந்தது நல்லது. இதைப் பற்றிப் பேச இன்று முடியவில்லை” என்ற இரண்டு வாக்கியங்களை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்லுங்கள்.

6. பேச்சுக்கு எல்லை வையுங்கள்

மனம்விட்டுப் பேசுவது நல்லது என்றாலும், ஒரே விஷயத்தை ஒரே கோணத்தில் நாள்தோறும் இருவரும் சேர்ந்து கிளறிக்கொண்டேயிருப்பது நல்லதன்று. அப்படிப் பேசும் நண்பர்களிடையே நெருக்கம் கூடுவதோடு மனச்சோர்வும் பதற்றமும் கூடுவதை இளம் பருவத்தினரிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பேச்சு முடியும்போது அடுத்து வரும் நாளில் செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றாவது தெளிவானதா என்று பாருங்கள். பல நாள்களாக எதுவும் தெளிவாகவில்லை என்றால், அந்தப் பேச்சைக் குறைத்துக்கொண்டு அவரோடு நடக்கப் போங்கள்.

எழுதுவதும் சிலருக்கு உதவும். 1986-இல் வெளியான ஆய்வு ஒன்றிலிருந்து இன்றுவரை பின்பற்றப்படும் முறை இதுதான்: மனதை அழுத்தும் நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், எழுத்துப்பிழை பாராமல் எழுதுவது. எழுதி முடித்த உடனே துயரம் கூடியதாகத் தோன்றும், அது எதிர்பார்க்கக்கூடியதே. பின்னால் கிடைக்கும் பலன் பெரிது என்று சொல்லமாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும். எழுத எழுத நிலைமை மோசமானால் நிறுத்திவிடுங்கள்.

7. தெரிந்தவர்கள் போதாதபோது உதவி எண்களும் குழுக்களும்

பல நாடுகளில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொலைபேசியில் கேட்கும் உதவி எண்கள் உள்ளன. பெயர் சொல்ல வேண்டியதில்லை, ஆவணம் வேண்டியதில்லை, பேச்சுக்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை. பிஃப்ரெண்டர்ஸ் வேர்ல்ட்வைட் என்ற பன்னாட்டு அமைப்பின் இணையதளத்தில் நாடு வாரியாக மையங்களைத் தேடலாம். எண்ணைக் கண்டுபிடித்ததும், தேவை வரும்வரை காத்திருக்காமல் மூன்று விவரங்களைப் பாருங்கள்: எந்த நேரத்தில் இயங்குகிறது, எந்த மொழிகளில் பேசலாம், அழைப்புக்குத் தொலைபேசிக் கட்டணம் உண்டா. நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எண் மாறியிருப்பதும் மூடப்பட்டிருப்பதும் உண்டு. அதை மோசமான இரவில் கண்டுபிடிக்க நேரக் கூடாது. முதல் அழைப்பு எடுக்கப்படவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், இரண்டாவது எண்ணையும் சேமித்து வையுங்கள். அங்கே இருப்பவர் சிகிச்சை அளிப்பவர் அல்லர். அந்த இரவைக் கடக்க உதவுபவர், அவ்வளவே.

ஒரே துயரத்தில் இருப்பவர்கள் கூடும் குழுக்கள் இன்னொரு வழி. புற்றுநோயாளிகளின் குடும்பத்தார், துணையை இழந்தவர்கள், மறதிநோய் உள்ள பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் என்று தனித்தனிக் குழுக்கள் இருக்கின்றன. மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கேட்டால் விவரம் கிடைக்கும். பலர் இந்தப் பணியாளர் இருப்பதையே அறியாமல் மாதக்கணக்கில் அதே வராந்தாவில் நடந்துகொண்டிருக்கிறார்கள். குழுவில் சேரும் முன், அதை நடத்துபவர் பயிற்சி பெற்றவரா, சொன்னது வெளியே போகாது என்ற விதி உண்டா, எதையாவது விற்கிறார்களா என்று பாருங்கள். மருந்தையும் மருத்துவரையும் விடச் சொல்லும் குழுவிலிருந்து அன்றே வெளியேறுங்கள்.

8. சரியான நிபுணரிடம் போங்கள்

மதிப்பெண் இரண்டு வாரமாக இறங்கவில்லை, வேலையோ வீட்டுப் பொறுப்போ நின்றுபோயிருக்கிறது, குடி கூடுகிறது, அல்லது பெரும் அதிர்ச்சிக்குப் பின் ஒரு மாதம் கடந்தும் அதே காட்சி கனவிலும் நனவிலும் திரும்பி வருகிறது என்றால், இனி நண்பர்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். துக்கத்தின் கணக்கு வேறு. நெருங்கியவரின் மரணத்துக்குப் பின் பெரும்பாலோர் சிகிச்சை இல்லாமலே மெல்ல மீண்டுவிடுகிறார்கள். நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாகக் கருத, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறைந்தது 6 மாதமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு 12 மாதமும் கடந்திருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே மூன்றாம் வாரத்திலேயே “இன்னும் அழுகிறாயா?” என்று கேட்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

முதலில் குடும்ப மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை மனச்சோர்வைப் போலவே சோர்வையும் தூக்கக்கேட்டையும் தரும் என்பதால், ஓர் எளிய ரத்தப் பரிசோதனையால் வீண் அலைச்சல் மிச்சமாகலாம். அடுத்து, மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்றவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் மனநிலையை மதிப்பிட்டுப் பேச்சு வழிச் சிகிச்சை அளிப்பவர், பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத மாட்டார். கவுன்சலர் என்ற பெயரைப் பல இடங்களில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடிகிறது என்பதுதான் இங்குள்ள பெரிய ஆபத்து. எந்தப் பட்டம், எந்த மன்றத்தில் பதிவு, உங்களைப் போன்ற சிக்கல் உள்ளவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விக்கு வருந்துவதில்லை. பதிவு எண்ணைத் தர மறுப்பவரையும், இத்தனை அமர்வில் குணமாக்கிவிடுவேன் என்று உறுதி கூறுபவரையும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்குமா என்பதையும் முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பொதுவாக இருக்கும். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்கு எதிரான கொடுமை, நீதிமன்ற ஆணை ஆகிய சூழல்களில் அதற்கு விலக்கு உண்டு.

9. ஒரு கோப்பில் எடுத்துச் செல்ல வேண்டியவை

அறைக்குள் நுழைந்ததும் பாதி மறந்துபோகும், மீதியைச் சொல்லும் முன் அழுகை வந்துவிடும். அதனால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக்கொண்டு போங்கள். எது நடந்தது, எந்த மாதத்திலிருந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், எடை கூடியதா குறைந்ததா, எந்த வேலைகள் நின்றுபோயின, முன்பு இப்படி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, வினாத்தாள் மதிப்பெண்கள் தேதியுடன், நீங்கள் கேட்க விரும்பும் மூன்று கேள்விகள். இந்தத் தாளை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அதனுடன் அடையாள அட்டை, இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய பட்டியல், பழைய மருந்துச் சீட்டுகள், சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவுகள், இன்சூரன்ஸ் அட்டை ஆகியவை இருக்கட்டும். நாட்டு மருந்து, சத்து மாத்திரை, கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை எதையும் பட்டியலில் விட வேண்டாம், மனநல மருந்துகளோடு அவற்றில் சில ஒத்துப்போகா. வேலையிலிருந்து விடுப்பு வேண்டுமென்றால் சான்றிதழை அன்றே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் முன்தேதியிட்டுத் தர மறுப்பார்கள், அது அவர்கள் கடமையும்கூட. விடுப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, பதிவு எண், கையொப்பம் இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். நோயின் பெயரை எழுத வேண்டுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் விடுப்பு விதியைப் படித்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். பல இடங்களில் “மருத்துவக் காரணம்” என்பதே போதும்.

10. செலவைத் தொலைபேசியிலேயே கேளுங்கள்

கட்டணம் கேட்கக் கூச்சப்பட்டுப் போய், இரண்டாம் அமர்வோடு நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்: முதல் சந்திப்புக்கு எவ்வளவு, தொடர் அமர்வுக்கு எவ்வளவு, ஓர் அமர்வு எத்தனை நிமிடம், வர முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கட்டணம் உண்டா. பேச்சு வழிச் சிகிச்சை பொதுவாக வாரம் ஒருமுறை, 45 முதல் 60 நிமிடம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுகள் வரை செல்லும். ஓர் அமர்வின் கட்டணத்தை அந்த எண்ணிக்கையால் பெருக்கி, போக்குவரத்தையும் இழக்கும் அரைநாள் ஊதியத்தையும் சேர்த்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

அந்தத் தொகை எட்டாது என்றால் வழிகள் உண்டு. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிக்கும் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்கள், வருமானத்துக்கேற்பக் கட்டணம் குறைக்கும் தன்னார்வ அமைப்புகள், வேலை செய்யும் நிறுவனம் ஊழியர்களுக்காக ஏற்பாடு செய்திருக்கும் இலவச அமர்வுகள். தனியார் உளவியலாளரிடமும் “இந்தத் தொகைதான் என்னால் முடியும்” என்று நேராகக் கேட்கலாம். குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இன்சூரன்ஸ் உள்ளவர்கள் பாலிசியில் மூன்றைப் பாருங்கள்: மருத்துவமனையில் தங்காமல் பெறும் சிகிச்சைக்குப் பணம் உண்டா, முன் அனுமதியோ பரிந்துரைக் கடிதமோ வேண்டுமா, ஆண்டுக்கு எத்தனை அமர்வு வரை. முதல் அமர்வுக்குப் பிறகு முன் அனுமதி கேட்டால் அந்த அமர்வின் பணம் கிடைக்காமல் போகலாம். ஒவ்வொரு ரசீதிலும் பெயரின் எழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்து, இந்த ஒன்றுக்காகத் திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் உண்டு.

11. எவ்வளவு காலம் ஆகும்

நல்ல உளவியலாளருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டு இடங்களில் பெயர் கொடுங்கள், யாராவது ரத்து செய்தால் அந்த நேரம் கிடைக்கும் பட்டியலிலும் சேருங்கள், இடம் கிடைத்ததும் மற்றதை ரத்து செய்யுங்கள். அந்த இடைவெளியைக் கடக்க, நான்காம் படியில் எழுதிய பெயர்களும் உதவி எண்ணும்தான் துணை. முதல் சந்திப்பில் பெரும்பாலும் அவர் கேட்பார், நீங்கள் பதில் சொல்வீர்கள். வெளியே வரும்போது ஆறுதல் கிடைக்கவில்லை என்று தோன்றுவது இயல்பு. மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பின் முடிவு செய்யுங்கள். அப்போதும் அவரிடம் மனம் திறக்க முடியவில்லை என்றால் வேறொருவரைத் தேடலாம். சிகிச்சை பலிப்பதில் இருவருக்கும் இடையிலான நம்பிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. அவமதித்துப் பேசினால் மட்டும் நான்காம் அமர்வுவரை பொறுத்திருக்க வேண்டாம்.

மனச்சோர்வுக்கான மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டால், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் வரையும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வயிற்றுப் புரட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் மருந்தை நிறுத்திவிடுவது இந்த இடைவெளியில்தான். நிறுத்தாமல் மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். தொடக்க வாரங்களில் அமைதியின்மையோ இறக்கும் எண்ணமோ புதிதாகக் கூடினால், குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்கள், அன்றே அழையுங்கள். நலமான பிறகும் மருந்தைப் பொதுவாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இத்தனை வாரங்களும் உங்களுக்குத் துணையாக இருப்பவரையும் பாருங்கள். அவருக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். ஒருவரே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தால், இன்னொரு பெயரைச் சேர்த்து அவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுப்புக் கொடுங்கள்.

அமர்வுகள் முடியும் நாளில் மூன்று தகவல்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இந்த நிலை திரும்ப வரப்போகிறது என்பதற்கு உங்களிடம் முதலில் தெரியும் அறிகுறிகள் எவை, அப்போது யாரை அழைப்பது, பழைய நோயாளி என்ற முறையில் எத்தனை நாளுக்குள் நேரம் கிடைக்கும். கோப்பு எண்ணோடு அதை உங்கள் கைபேசியிலும், நான்காம் படியில் முதலில் எழுதிய நபரின் கைபேசியிலும் சேமித்து வையுங்கள்.